டப்போவில் இருக்கும் அண்ணனுக்கு எந்த ரீலோடிங் கையேடு வாங்கலாம்?

தெம்பனிஸ் தங்கை

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸில் டப்போ பக்கம் பண்ணை இயந்திரங்கள் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். முறைப்படி உரிமம் எடுத்து ஒரு கிளப்பிலும் சேர்ந்திருக்கிறார். அவரிடம் இருக்கும் துப்பாக்கிகள் .223 ரெமிங்டன் ஒன்று, .308 வின்செஸ்டர் ஒன்று. இரண்டும் போல்ட் இழுத்துச் சுடுபவை. சின்னது நரிக்கும் முயலுக்கும். பெரியது கிளப்பில் குறி பார்த்துச் சுட, எப்போதாவது காட்டுப்பன்றிக்கு.

கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே திரும்ப நிரப்பப் போகிறேன் என்கிறார். அங்கே உரிமம் உள்ளவர்கள் பலர் செய்வதுதானாம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “ஒரு நல்ல ரீலோடிங் கையேடு வாங்கி அனுப்பு” என்றார்.

தேடிப் பார்த்தால் லைமன், ஹார்னடி, சியரா, ஸ்பியர், நோஸ்லர், லீ என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றின் கீழும் இதுதான் சிறந்தது என்று நாலு பேர். நான் கணக்காளர், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. சாதாரணப் புத்தகம் என்றால் ஏதோ ஒன்றை வாங்கி அனுப்பிவிடுவேன். இது வெடிக்கிற பொருள். அண்ணி வேறு, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது தேவையா என்று வருத்தப்படுகிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

நெறியாளர்

இழை திறந்தே இருக்கட்டும். ஆனால் இரண்டு விஷயம்.

சிங்கப்பூரில் வீட்டில் தோட்டா நிரப்ப வழியே இல்லை. ஆயுதக் குற்றச் சட்டம் 1973-ன்படி அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. ஆகவே இங்கே பேசுவது வெளிநாட்டில் உரிமத்தோடு செய்பவருக்கான புத்தகத்தைப் பற்றி மட்டும்.

அடுத்து, இத்தனை கிரெயின் (எடை அலகு) போடு என்று வெடிமருந்துப் பவுடர் அளவை யாரும் இங்கே எழுதக் கூடாது. எழுதினால் அழித்துவிடுவேன்.

ஹூஸ்டன் ரிட்டர்ன்

தங்கச்சி, அண்ணன் வீடியோ கேட்காமல் புத்தகம் கேட்டாரே, அதுவே நல்ல அறிகுறி. நான் ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்தபோது .308 நிரப்பியிருக்கிறேன். ஊர் திரும்பும் முன் பிரெஸ் (அழுத்தும் கருவி), டை (உறைக்கான அச்சு), தராசு எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். புத்தகங்கள் மட்டும் கூட வந்தன.

இந்தக் கையேடுகளை மூன்று வகையான ஆட்கள் போடுகிறார்கள். ஹார்னடி, சியரா, ஸ்பியர், நோஸ்லர் எல்லாம் குண்டு, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதியை, செய்பவர்கள். அவரவர் புத்தகத்தில் அவரவர் குண்டுதான் இருக்கும். ஹாட்ஜ்டன் போன்றவர்கள் பவுடர் விற்பவர்கள், அவர்கள் தருவதில் அவர்கள் பவுடர் மட்டும். மூன்றாவது வகை கருவி செய்பவர்கள்: லைமன், லீ. லைமன் குண்டும் விற்பதில்லை, பவுடரும் விற்பதில்லை. அதனால் பல கம்பெனிக் குண்டுகளைப் பல கம்பெனிப் பவுடர்களோடு தாங்களே சோதித்துப் போடுகிறார்கள். லீ புத்தகம் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதிலுள்ள அளவுகள் பெரும்பாலும் பவுடர் கம்பெனிகள் கொடுத்ததைத் தொகுத்தவை.

எந்தப் புத்தகமானாலும் இரண்டு பாதி உண்டு. முன்பாதியில் செய்முறை: சுட்ட உறையைச் சுத்தம் செய்வது, விரிசல் பார்ப்பது, டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, நீண்டிருந்தால் வெட்டுவது, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்துவது, பவுடர் நிறுத்துப் போடுவது, குண்டை உட்கார வைப்பது. பின்பாதியில் அட்டவணை. புதியவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போய்விடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றுவது முன்பாதி.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று உங்களுக்கே புரியும். .308 பகுதியைத் திறந்தால் முதலில் உறையின் படம், அளவுகள் எல்லாம் அங்குலத்தில். உறை அதிகபட்சம் 2.015 அங்குலம் நீளம் இருக்கலாம், வெட்டினால் 2.005-க்கு வெட்ட வேண்டும். அதன் கீழே, சோதனை செய்த குழலின் நீளம், அதனுள் குண்டைச் சுழல வைக்கும் வரியின் திருகு, எந்தக் கம்பெனி உறை, எந்த பிரைமர். அதன் பிறகு குண்டின் எடையும் வகையும், குண்டு பொருத்திய பின் தோட்டாவின் மொத்த நீளமும். கடைசியில்தான் பவுடர் பட்டியல். ஒவ்வொரு பவுடருக்கும் தொடக்க அளவு ஒன்று, உச்ச அளவு ஒன்று, பக்கத்தில் வேகம். நல்ல புத்தகத்தில் அழுத்தமும் இருக்கும்.

இந்த விவரங்களில் எது மாறினாலும் அழுத்தம் மாறும். அதனால்தான் தொடக்க அளவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பார்க்க வேண்டும், உச்சத்தில் ஆரம்பிக்கவே கூடாது. எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதை முன்பாதி படங்களோடு சொல்லும்: பிரைமர் தட்டையாகிறதா, போல்ட்டைத் தூக்கக் கடினமாக இருக்கிறதா, உறையின் அடியில் பளபளப்பான தடம் விழுகிறதா என்று.

என் பரிந்துரை லைமன், கிடைக்கிற புதிய பதிப்பு. 50-ஆம் பதிப்பு 2016-ல் வந்தது, இப்போது 51 விற்பனையில் இருக்கிறது. 51-ஐ வாங்குங்கள்.

ஜூரோங் ஷிஃப்ட்

நான் துப்பாக்கிக்காரன் இல்லை, ஜூரோங் தீவில் ஆபரேட்டர். ஒரு சந்தேகம். ஹாட்ஜ்டன் தளத்தில் எல்லா அளவும் இலவசமாகவே கிடக்கிறதே? புதிய பவுடர் வந்தால் உடனே சேர்த்துவிடுகிறார்கள். அச்சுப் புத்தகம் வந்த அன்றே பழசாகிவிடும். அந்தக் காசுக்கு அக்கா அண்ணனுக்கு ஒரு நல்ல தராசு வாங்கிக் கொடுக்கலாமே.

ஹூஸ்டன் ரிட்டர்ன்

தராசு அவசியம்தான் தம்பி, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். செட் பாயிண்ட் பட்டியலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட்-அப் நடைமுறை எதுவும் கொடுக்காமல் ஒரு புது ஆளை உங்கள் யூனிட்டில் நிறுத்துவார்களா? அந்தத் தளம் தருவது பட்டியல். கம்பெனியே போட்டது என்பதால் அளவுகளில் சந்தேகம் இல்லை. ஆனால் உறை எங்கே பிய்ந்து போகும், எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அந்த அட்டவணையில் வராது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்குகிறேன், இது அண்ணனுக்கும் உதவும். ஒரு உறையைப் பல முறை சுட்டு, பல முறை டையில் அழுத்தினால் பித்தளை முன்பக்கமாக நகரும். கழுத்துப் பக்கம் நீளும், அடிப்பக்கம் மெலியும். மெலிகிற இடம் உள்ளே, அடிக்குச் சற்று மேலே ஒரு வளையமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சில நேரம் லேசான வெளிச்சக் கோடு தெரியும், பல நேரம் ஒன்றுமே தெரியாது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னதாக வளைத்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். நுனி ஒரு பள்ளத்தில் சிக்கினால் அந்த உறை குப்பைக்கு. சிக்கியும் பயன்படுத்தினால் அடுத்த முறை சுடும்போது உறை இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு பின்பக்கம், முகத்தை நோக்கி வரலாம். இதைப் படத்தோடு சொல்லிக் கொடுப்பது புத்தகத்தின் முன்பாதி. காசு அதற்குத்தான்.

பெர்த் பெரியப்பா

பிடோக்கில் வளர்ந்தவன், இப்போது பெர்த் வாசி. ஹூஸ்டன் தம்பி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவர் அமெரிக்கக் கடையை மனதில் வைத்துப் பேசுகிறார். தங்கையின் அண்ணன் டப்போவில் கடைக்குப் போனால் அலமாரியில் பார்க்கப் போவது ஏடிஐ என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் பவுடர். போத்தலில் ஏஆர்2206எச், ஏஆர்2208, ஏஆர்2209 என்று எழுதியிருக்கும். லைமன் புத்தகத்தைத் திறந்து அந்தப் பெயர்களைத் தேடினால் என்ன செய்வார்?

இதில் விசேஷம் என்னவென்றால், அந்தப் பவுடர் தயாராவது நியூ சவுத் வேல்ஸிலேயே, முல்வாலா என்ற ஊரில். அண்ணன் இருக்கும் மாநிலம்தான். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் ஹாட்ஜ்டன் பெயரில் விற்பனையாகிறது. ஏஆர்2208-தான் அங்கே வார்கெட். ஏஆர்2209-தான் எச்4350. ஏஆர்2206எச்-தான் எச்4895. ஒரே சரக்கு, கப்பல் ஏறினால் வேறு பெயர்.

ஏடிஐ தனியாக ஒரு சிறு கையேடு வெளியிடுகிறது. துப்பாக்கிக் கடைகளில் கிடைக்கும், இணையத்திலும் உண்டு. அதில் உள்ளூர்ப் பெயரிலேயே அளவுகள் இருக்கின்றன. ஆகவே அண்ணனுக்கு முதலில் வேண்டியது அது. இன்னொன்று, நிக் ஹார்வி என்ற ஆஸ்திரேலியர் எழுதிய ரீலோடிங் கையேடு பல பதிப்புகள் கண்டது. இந்த ஊர்ப் பவுடர், இந்த ஊர் வேட்டை, இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. என்னைக் கேட்டால் அமெரிக்கப் புத்தகத்துக்கு முன் அதைத்தான் வாங்குவேன்.

தெம்பனிஸ் தங்கை

பெரியப்பா, நன்றி. ஆனால் இப்போது பயம் கூடிவிட்டது. ஒரே பவுடருக்கு இரண்டு பெயர் என்றால், ஒரே பெயரில் இரண்டு பவுடரும் இருக்குமோ?

பெர்த் பெரியப்பா

கணக்காளர் மூளை சரியாக அங்கேதான் போகும் என்று நினைத்தேன். ஆமாம், இருக்கிறது. எச்4895 என்று ஒன்று, ஐஎம்ஆர் என்ற வேறு வரிசையில் 4895 என்று இன்னொன்று. எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யுரேட் 4350 என்று மூன்று. எண் ஒன்றுதான், சரக்கு வேறு. எரியும் வேகமும் வேறு. 4831-ல் இது மிகவும் ஆபத்து: ஐஎம்ஆர் 4831 வேகமாக எரிவது, எச்4831 மெதுவாக எரிவது. மெதுவாக எரிவதற்கு எழுதிய உச்ச அளவை எடுத்து வேகமாக எரிவதைப் போட்டால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். எண்ணை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது, முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஹூஸ்டன் ரிட்டர்ன்

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்திடம் பவுடர் மலைபோல் மிஞ்சியிருந்தது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கிச் சில்லறையாக விற்றார். டூபாண்ட் கம்பெனியின் ஐஎம்ஆர் வரிசை எண்களையே வைத்துக்கொண்டு முன்னால் தன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்தார். மிச்சச் சரக்கு தீர்ந்தபின் புதிதாகத் தயாரிக்க வேண்டி வந்தது, எண்கள் அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கு அந்த எச் வரிசைப் பவுடர்களில் பல பெரியப்பா சொன்ன முல்வாலாவிலிருந்து வருகின்றன. 2003-ல் ஐஎம்ஆரையும் ஹாட்ஜ்டனே வாங்கிவிட்டது. ஒரே கம்பெனி இரண்டு 4895-ஐயும் விற்கிறது!

பெரியப்பா சொன்ன உள்ளூர்க் கையேடு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனால் ஏடிஐ கையேட்டில் பெரும்பகுதி அட்டவணை. அதை மட்டும் நம்பி ஒரு புதியவரை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

வாசகி உட்லண்ட்ஸ்

குறுக்கே வருகிறேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, பழைய புத்தகம் தெரியும். கைமாறி விற்கும் தளங்களில் இந்தக் கையேடுகளின் பழைய பதிப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. சமையல், தோட்டக்கலை மாதிரி விஷயங்களில் நான் எப்போதும் பழைய பதிப்பைத்தான் தேடுவேன், விவரம் அதிகமாக இருக்கும். இதிலும் அப்படி வாங்கலாமா?

ஹூஸ்டன் ரிட்டர்ன்

முன்பாதிக்காக என்றால் தாராளமாக. செய்முறை பெரிதாக மாறவில்லை, சில பழைய புத்தகங்களில் விளக்கம் இன்னும் பொறுமையாகவே இருக்கும். பின்பாதிக்காக என்றால் வேண்டாம் அம்மா.

காரணம், ஒரு காலத்தில் அழுத்தத்தை அளந்தது ஒரு சின்னச் செம்பு உருளையை நசுக்கிப் பார்த்து. எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து ஓர் எண். அந்த முறை உச்சத்தைச் சரியாகப் பிடிக்காது. இப்போது பீசோ மின் உணரி வந்துவிட்டது, கண நேரத்தில் அழுத்தம் ஏறி இறங்குவதை வரைபடமாகவே காட்டும். செம்பு எண்ணையும் இன்றைய பிஎஸ்ஐ (அழுத்த அலகு) எண்ணையும் ஒரே வாய்பாட்டில் மாற்ற முடியாது. இன்னும் பழைய புத்தகங்களில் அழுத்தமே அளக்காமல், சுட்டுப் பார்த்து உறையின் நிலையை வைத்துக் குறித்த அளவுகளும் உண்டு. பவுடரும் அன்றிருந்த பவுடர் இல்லை. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே தோட்டாவுக்கு வேறு வேறு உச்சம் இருந்தால், புதியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே தோட்டாவுக்கு மட்டும் பல கையேடுகளின் பக்கங்களைத் தொகுத்துச் சுருள் கம்பி போட்டு விற்கும் சின்னப் புத்தகங்களும் கண்ணில் படும். மேசையில் விரித்து வைக்க வசதி. ஆனால் செய்முறை இருக்காது. முதல் புத்தகமாக அது வேண்டாம்.

செம்பவாங் ரிசர்விஸ்ட்

அக்கா, புத்தகம் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அண்ணனைப் பார்க்க டப்போ போனால், ஞாபகத்துக்கு என்று சுட்ட வெற்று உறையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகள் கையில் எடுத்திருந்தாலும் கிளம்பும் முன் பார்த்து வெளியே எடுத்துவிடுங்கள். சாங்கியில் ஸ்கேன் செய்யும்போது தெரிந்துவிடும், விளக்கம் சொல்லி மாளாது. என்எஸ் போனவர்களுக்குத் தெரியும், ரேஞ்சில் சுட்டு முடித்ததும் உறை பொறுக்கி எண்ணி ஒப்படைத்து, என்னிடம் தோட்டாவோ வெற்று உறையோ இல்லை என்று உரக்க அறிவித்தால்தான் கிளம்ப முடியும். அந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை.

உறை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. நாம் என்எஸ்-ல் சார்21 துப்பாக்கியில் சுட்ட 5.56-ம் .223-ம் ஒன்றுதானே? அண்ணன் கிளப்பில் யாராவது ராணுவ உறை கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

ஹூஸ்டன் ரிட்டர்ன்

வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அழுத்த வரம்பும், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை வெட்டிய விதமும் வேறு. ராணுவத் தோட்டாவை .223 என்று மட்டும் குறித்த துப்பாக்கியில் போட வேண்டாம் என்பதே பொதுவான எச்சரிக்கை. வெற்று உறை விஷயத்தில், .308-ல்தான் அதிகக் கவனம் வேண்டும். அதன் ராணுவ வடிவமான 7.62 உறையின் சுவர் பெரும்பாலும் தடிமன். சுவர் தடிமன் என்றால் உள்ளே இடம் குறைவு. இடம் குறைந்தால் அதே பவுடருக்கு அழுத்தம் கூடும். புத்தகத்தில் எந்த உறையில் சோதித்தார்கள் என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். புதியவர் தான் வாங்கிச் சுட்ட உறையை மட்டும், கம்பெனி வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெர்த் பெரியப்பா

தங்கை, முடிவு எடுப்பதற்கு முன் அண்ணனிடம் மூன்று கேள்வி கேட்டு வாருங்கள். .223 குழலின் திருகு என்ன? எந்தக் குண்டு வாங்கப் போகிறார்? அவர் ஊர்க் கடையில் எப்போதும் கையிருப்பில் இருக்கும் பவுடர் எது? இதற்குப் பதில் தெரியாமல் நாங்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

திருகு ஏன் என்றால், 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய .223 குழலில் 55 கிரெயின் குண்டு நன்றாகப் போகும். 75, 77 கிரெயின் நீளக் குண்டு அதில் சுழல் போதாமல் தடுமாறும், அதற்கு 7 அல்லது 8 அங்குலத் திருகு வேண்டும். புத்தகத்தில் கனமான குண்டுகளுக்குப் பத்துப் பக்கம் இருந்து அவர் துப்பாக்கிக்கு அது ஒத்துவராது என்றால் அந்தப் பக்கங்கள் வீண்.

தெம்பனிஸ் தங்கை

நேற்று இரவு அண்ணனோடு பேசினேன். கேள்விகளைக் கேட்டதும் ஆச்சரியப்பட்டார், யார் சொல்லிக் கொடுத்தது என்று. .223 குழலில் 12 அங்குலத் திருகு. அதற்கு ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெயின். .308-க்கு கிளப்பில் எல்லோரும் போடும் சியரா மேட்ச்கிங் 168 கிரெயின். பன்றிக்கு என்று செம்புக் குண்டு ஒன்றும் யோசிக்கிறாராம், ஈயம் இல்லாதது. கடையில் எப்போது போனாலும் ஏஆர்2206எச் இருக்கும், ஏஆர்2208 வந்தால் உடனே தீர்ந்துவிடும் என்றார்.

ஹூஸ்டன் ரிட்டர்ன்

அருமை. இப்போது பாருங்கள், ஹார்னடி ஒன்று, சியரா ஒன்று, செம்புக் குண்டு எந்தக் கம்பெனியோ. குண்டுக் கம்பெனிப் புத்தகமாக வாங்கினால் மூன்று வாங்க வேண்டும். நான் லைமன் என்று சொன்னது இதற்காகத்தான்.

செம்புக் குண்டு பற்றி ஓர் எச்சரிக்கை, இதை அப்படியே அண்ணனுக்கு அனுப்புங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. ஒரே 150 கிரெயின் எடை என்றாலும் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமானது உறைக்குள் அதிக இடம் பிடிக்கும், குழலிலும் வேறு விதமாக உரசும். ஆகவே ஈயக் குண்டுக்கு எழுதிய அளவை எடை ஒன்றுதானே என்று அதற்குப் போடக் கூடாது. அந்தக் குண்டைச் செய்தவர் கொடுக்கும் அளவு மட்டும்தான். அவர்கள் தளத்தில் கிடைக்கும்.

பெர்த் பெரியப்பா

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை தம்பி. ஹார்னடி புத்தகத்தில் வி-மேக்ஸுக்கு இருக்கும் விவரம் லைமனில் வராது. அதில் எடை வாரியாகக் குண்டுகளைச் சேர்த்து, இந்த வேகம் வேண்டுமானால் இந்தப் பவுடர் இவ்வளவு என்று படிப்படியாகக் கொடுத்திருப்பார்கள், புதியவருக்குக் கண்ணால் பார்த்ததும் புரியும். நான் ஆரம்பித்தது அதில்தான்.

ஹூஸ்டன் ரிட்டர்ன்

அந்த அமைப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் அழுத்த எண் இல்லை பெரியப்பா. லைமனில் இருக்கிறது. ஒரு பவுடர் உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதற்கும், வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வேகத்தை மட்டும் காட்டினால் ஆள் கடைசிக் கட்டத்தை நோக்கித்தான் போவான், இளவயசு என்றால் இன்னும்.

பெர்த் பெரியப்பா

அது நியாயம். ஆனாலும் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். ஒரு புத்தகத்தில் பார்த்ததை இன்னொன்றில் சரிபார்க்காமல் நான் எந்தப் புது அளவையும் ஆரம்பித்ததில்லை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அச்சுப்பிழைகூட நடக்கும், இரண்டாவது புத்தகம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஜூரோங் ஷிஃப்ட்

சரி, புத்தகம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். பேப்பர் கிளிப் விஷயம் என்னை மாற்றிவிட்டது. தராசு பற்றி நான் கேட்டதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். மின் தராசில் கிராமும் கிரெயினும் ஒரே பொத்தானில் மாறுகிறதே, அது ஆபத்து இல்லையா?

ஹூஸ்டன் ரிட்டர்ன்

ஆபத்துதான். ஒரு கிராம் என்பது 15.43 கிரெயின். கைபட்டு மாறிவிட்டால் எண் எங்கோ போகும். வேலை தொடங்கும் முன் சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது, நடுவிலும் ஒருமுறை பார்ப்பது பழக்கமாக இருக்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர் போத்தல்தான் இருக்கலாம். தட்டில் மிஞ்சியது அந்தப் போத்தலுக்கே திரும்பப் போக வேண்டும். பெயர் எழுதாத டப்பாவில் பவுடர் இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது, யூகிக்கவும் கூடாது. இவை எல்லாம் நான் சொல்லும் புத்தகங்களின் முதல் சில அத்தியாயங்களிலேயே வந்துவிடும்.

தெம்பனிஸ் தங்கை

எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். லைமன் 51 பிறந்தநாளுக்கு, ஆஸ்திரேலியாவில் உள்ள கடையிலிருந்தே நேராக டப்போ முகவரிக்கு. ஏடிஐ கையேட்டை இந்த வாரமே கடையில் வாங்கிக்கொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார். நிக் ஹார்வி புத்தகம் தீபாவளிக்கு, பெரியப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. 2206எச்-க்கும் 2208-க்கும் அமெரிக்கப் பெயர் என்ன என்பதையும், 4895 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். லைமன் வந்ததும் அட்டைக்குள் ஒட்டிக்கொள்வாராம்.

அண்ணியும் இந்த இழையைப் படித்தார். அவர் கேட்கச் சொன்னது: பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை எங்கே வைத்துச் செய்வது?

பெர்த் பெரியப்பா

அண்ணி கேட்டது சரியான கேள்வி. பூட்டக்கூடிய கொட்டகையோ தனி அறையோ வேண்டும், சமையலறை மேசையில் கூடாது. அடுப்பு, ஹீட்டர், சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பவுடர் அது வந்த போத்தலிலேயே, பிரைமர் அது வந்த பெட்டியிலேயே, இரண்டும் தனித்தனியாக, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பிரைமரைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைக்கவே கூடாது, ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வேலை செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி. முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும், பிரைமர் புகைக்கரியில் ஈயம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் தோட்டாவைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். பவுடர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அதை அண்ணன் கிளப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

கிளப்பில் பல வருடம் நிரப்பிய மூத்தவர் யாராவது கட்டாயம் இருப்பார். முதல் முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தங்கை

அண்ணி கொட்டகைக்கு ஒத்துக்கொண்டார், பூட்டுச் சாவி அவரிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிளப்பில் ஒரு பெரியவர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மேசை போடும் இடத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். புத்தகம் வந்து முன்பாதியை முடிக்கும்வரை பவுடர் வாங்குவதில்லை என்று அண்ணனிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.